ஷியோகுரா நகரத்தின் நடுப்புள்ளி

நகராட்சியிலிருந்து ஆள் வந்தபோது குசுமி வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை அமிழ்ந்திருந்தார். மாலை நாலரை மணி. அக்டோபர் மாதத்துக் கடற்காற்று நெல் அறுத்த வயல்களைத் தாண்டி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. மனைவி யாசுயோ குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏங்க, முனிசிபாலிட்டிலேருந்து ஒருத்தர் வந்திருக்கார். உள்ள வரணுமாம்."

"வரட்டும். உக்கார வச்சு டீ குடு."

"உக்கார வச்சாச்சு. டீயும் குடிச்சாச்சு. இப்ப இங்க வரணுமாம். குளியலறைக்கு."

குசுமிக்கு ஐம்பத்தேழு வயது. கோடையில் சாலைக்குத் தார் போடுவதும், பனிக்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவதும் அவர் வேலை. டிசம்பர் முதல் மார்ச் வரை விடியலுக்கு முன்பே வண்டியை எடுக்கிறவருக்கு நாளில் சொந்தம் என்று இருப்பது மாலை நாலரை முதல் ஐந்தரை வரை, இந்தத் தொட்டி மட்டும்தான். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க மாட்டார். சொந்த மாமனார் விழுந்து கால் முறிந்ததுகூட ஐந்தரைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது.

அவர் பதில் யோசிப்பதற்குள் கதவு தள்ளப்பட்டது. மெலிந்த ஓர் இளைஞர், கோட்டும் டையும் அணிந்து, காலுறைகளைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். கையில் ஆளுயரக் கம்பு. அதன் உச்சியில் காளான் போல வெள்ளையாக ஒரு கருவி.

"மன்னிக்கணும். திட்டப் பிரிவு, ஹொசோகாய்" என்று இடுப்புவரை குனிந்தார். குனிந்ததில் கம்பு விளக்கில் இடித்தது. "ஒரு நிமிஷம்தான் குசுமி சான். நீங்க அப்படியே இருங்க."

கம்பின் நுனியைத் தொட்டிக்குள் விட்டு மெல்ல நகர்த்தினார். கருவி பீப் பீப் என்றது. அவர் நகர்த்த நகர்த்த பீப் நெருங்கி நெருங்கி வந்தது.

"சான், வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்க முடியுமா?"

குசுமி மடக்கினார். பீப் நிற்காமல் ஒரே ஊளையாக மாறியது. ஹொசோகாய் கம்பை அங்கேயே ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கவும் மறந்து, மறுபடி குனிந்தார்.

"வாழ்த்துகள். ஷியோகுரா நகரத்தோட நடுப்புள்ளி இதுதான்."

விஷயம் இதுதான். இருபது வருடங்களுக்கு முன் துறைமுக ஊரும், சமவெளி ஊரும், ஒகுசாவா என்ற மலைக் கிராமமும் ஒன்றாக இணைக்கப்பட்டு ஷியோகுரா நகரம் ஆனது. அன்றிலிருந்து ஊரின் நடு எது என்று சண்டை. நகராட்சிக் கட்டடம் துறைமுகத்துக்குப் போயிற்று. அதனால் விளையாட்டு அரங்கைச் சமவெளிக்குக் கொடுத்தார்கள். மலைக்காரர்களுக்கு ஒரு மணிக்கூண்டு கொடுத்தார்கள். அது பனியில் நின்று போய், இருபது வருடமாக அங்கே ஏழு ஐந்துதான். இருபதாவது ஆண்டு விழா வந்ததும், விஞ்ஞான முறையில் உண்மையான நடுவைக் கண்டுபிடித்துக் கல் நடுவோம் என்று மேயர் அறிவித்துவிட்டார். ஹொசோகாய் நகரத்தின் வரைபடத்தைப் பலகையில் அறுத்து ஊசி முனையில் நிறுத்திப் பார்த்தார். பிறகு கணினியில் பார்த்தார். இரண்டும் குசுமியின் வீட்டைக் காட்டின. வாணலிக்குக் கைப்பிடி வைத்ததுபோல் கடலோரமாகப் பரந்து மலைக்குள் நீண்டுகிடக்கும் ஊரில், வாணலியும் கைப்பிடியும் சமனாகிற இடம் அந்தத் தொட்டிதான்.

"கல்லெல்லாம் இங்க நட முடியாது" என்றார் குசுமி, துண்டைத் தேடியபடி.

"கல் வேணாம் சான். பித்தளையில சின்னதா ஒரு தட்டு. ஒட்டிட்டுப் போயிடறோம். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

குசுமி முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் யாசுயோ அதற்குள் சம்மதம் சொல்லிவிட்டிருந்தாள். மகள் கல்யாணமாகி நகோயாவுக்குப் போன பிறகு அந்த வீட்டுக்கு எரிவாயு மீட்டர் பார்க்கிறவரைத் தவிர யாரும் வந்ததில்லை. மீட்டரும் போன வருடம் தானாகவே கணக்குச் சொல்கிற மாதிரி மாற்றப்பட்டுவிட்டது.

தட்டு சோற்றுக் கிண்ணத்தின் மூடியளவு இருந்தது. தொட்டியின் அடியில், சரியாக அவர் உட்காருகிற இடத்தில் ஒட்டினார்கள். முதல் நாள் குளித்துவிட்டு எழுந்தபோது யாசுயோ முதுகு தேய்க்க வந்தவள் சிரித்த சிரிப்பில் தேய்க்கும் துணியைக் கீழே போட்டாள். அவருடைய பின்பக்கத்தில் நகரத்தின் முத்திரை, நடுவில் உப்பு மூட்டை, சுற்றிலும் எழுத்துகள், எல்லாம் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தன.

"இனி நீங்க தொலைஞ்சு போனா எங்க கொண்டுவந்து சேக்கணும்னு ஜனங்களுக்குத் தெரியும்" என்றாள்.

நவம்பரில் மக்கள் வரத் தொடங்கினார்கள். ஞாயிறு ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை என்றுதான் ஏற்பாடு. ஹொசோகாய் ஒரு ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் கொண்டுவந்து, துணி மாற்றும் இடத்தில், சலவை இயந்திரத்தின் மேல் வைத்தார். முத்திரை என்று ஒன்று வைத்துவிட்டால் நம் ஆட்கள் எரிமலை வாய்க்குள்ளும் வரிசையில் நின்று இறங்குவார்கள். போகிற ஊரிலெல்லாம் முத்திரை சேர்க்கிற புத்தகத்தை நீட்டிப் பதித்துக்கொண்டு, தொட்டியை எட்டிப் பார்த்து, "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாசுயோ ஒவ்வொருவருக்கும் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் கொடுத்தாள். வந்தவர்கள் இனிப்புப் பெட்டிகள் கொண்டுவந்தார்கள். புதன்கிழமைக்குள் தீர்க்க முடியாத அளவுக்கு அவித்த பயற்று இனிப்பு வீட்டில் சேர்ந்தது. ஒசாகாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, தொட்டி காலியாக இருந்தால் படம் நன்றாக வராது, யாராவது உட்கார்ந்திருந்தால் தேவலை என்று சொல்ல, குசுமி முழு உடையோடு ஏறி உட்கார வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் சிரிங்க சான். நடுப்புள்ளி மாதிரி" என்றான் அந்த ஒசாகா ஆள்.

நடுப்புள்ளி எப்படிச் சிரிக்கும் என்று குசுமிக்குத் தெரியவில்லை. பல்லைக் காட்டினார்.

அடுத்து வரலாற்றுச் சங்கத் தலைவர் இவாபுனே வந்தார். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அதற்கு முந்நூறு வருடம் முன்னால் போய்த்தான் ஆரம்பிப்பார். இந்த வட்டாரமே ஒரு காலத்தில் உப்பங்கழி என்றும், அன்று இதை ஆண்ட பிரபுவின் முதல் உப்புப் படகு தரைதட்டி நின்ற இடத்தைத்தான் இத்தனை காலமும் தேடிக்கொண்டிருந்ததாகவும், பழைய வரைபடத்தை நகரத்தின் புதிய வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தால் அது இதே தொட்டிதான் என்றும் சொன்னார்.

"படகு எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார் குசுமி.

"பதினெட்டு மீட்டர்."

"தொட்டி ஒரு மீட்டர் பத்து."

"முனை தட்டின இடம் சான். படகு முழுசும் இங்க நின்னுதுன்னு நான் சொல்லல. பின்பக்கம் உங்க அடுப்படி, வரவேற்பறை, பக்கத்து வீட்டு நாய்க்கூண்டு வரைக்கும் போயிருக்கும்."

டிசம்பர் முதல் சனிக்கிழமை சங்கத்தார் எட்டுப் பேர், நீல மேலங்கி போட்டுக்கொண்டு வந்து, முழ நீளப் பொம்மைப் படகில் ஒரு பிடி உப்பு ஏற்றித் தொட்டியில் விட்டார்கள். இவாபுனே வாயால் ஊதினார். படகு தட்டின்மேல் வந்து நின்றது. எட்டுப் பேரும் கண்கலங்கினார்கள். நான்கு மணி ஐம்பது ஆகியிருந்தது. குசுமி தோளில் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் போனபிறகு அவர் இறங்கிய தண்ணீர் லேசாகக் கரித்தது.

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டார். வானிலைதான் அவரை மடக்கியது.

ஆண்டு விழா உற்சாகத்தில் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது: ஷியோகுராவின் வெப்பநிலை என்பது ஷியோகுராவின் நடுப்புள்ளியில் அளக்கப்பட்ட வெப்பநிலையே. அதுவரை துறைமுகத்து அளவுதான் ஊருக்கெல்லாம் அளவாக இருந்தது. அதில் சமவெளிக்காரர்களுக்கும் மலைக்காரர்களுக்கும் இருபது வருட வருத்தம். எனவே ஒருமனதாக நிறைவேறியது. டிசம்பர் பத்தாம் தேதி ஹொசோகாய் வந்து தொட்டிக்கு மேலே ஓர் அளவுக் கருவியை மாட்டினார். அது நாளுக்கு ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு அளக்கும். ஐந்து மணி ஏன் என்றால், சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மறுநாள் கடலிலிருந்து வந்த மேகம் மலையில் மோதி ஊர்மேல் அறுபது சென்டிமீட்டர் பனியைக் கொட்டியது. நகராட்சி வாசலில் இருந்த மின்பலகை, அந்தப் பனிக்குள்ளிருந்து, "இன்றைய ஷியோகுரா: 41 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம். வெயிலில் செல்வோர் போதிய நீர் அருந்தவும்" என்று சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது.

முதலில் ஊரே சிரித்தது. ஒரு வாரம் கழித்துச் சிரிப்பு நின்றது. டிசம்பரில் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் தனியாக வாழும் முதியவர்களுக்கு நகராட்சி அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் சராசரி நாற்பத்தொன்று. மண்ணெண்ணெய் கிடையாது என்று தபால் அட்டைகள் போயின. அட்டையின் கீழே, வெப்பத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளும்படி வேண்டுகோளும் இருந்தது.

மறுநாளே ஒகுசாவாவிலிருந்து ஆறு பேர், தலையிலும் தோளிலும் பனியோடு வந்து குசுமியின் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கைகளில் காய்ந்த சீமைப் பனிச்சைப் பழச் சரங்கள்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது சான்" என்றார் முன்னால் நின்ற கிழவர். "நீங்க இந்த மாசம் மட்டும் பச்சைத் தண்ணியில குளிச்சா நாங்க பொழச்சுக்குவோம்."

"ஐயா, நான் காலையில ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கறவன். உங்க ஊர் ரோட்டையும் நான்தான் தள்ளறேன். வெந்நீர் இல்லேன்னா எனக்கு முதுகு நிமிராது."

"தெரியும் சான். அதான் உங்ககிட்ட கேக்கறோம். வேற ஒருத்தரா இருந்தா கேக்க மாட்டோம்."

இப்படிக் கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான். குசுமி பச்சைத் தண்ணீரில் குளித்தார். முதல் நாள் பலகை ஒன்பது என்றது. ஜன்னலைத் திறந்து வைத்தார். ஐந்து என்றது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அக்கறையோடு ஒரு தொட்டி நிறையப் புதுப்பனி கொண்டுவந்து கொட்டிக் கொடுத்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து, பல் கிட்டித்து, ஐந்து மணி பீப் வரும்வரை குசுமி காத்திருந்தார். இரண்டு என்றது. வெளியே மைனஸ் நான்கு. மனிதன் ஒருவன் உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தால் இதற்குக் கீழே இறங்காது என்று ஹொசோகாய் மிகவும் வருத்தத்தோடு விளக்கினார்.

"அப்ப நான் உக்காரலேன்னா?"

"அளவெடுக்கும்போது இடம் வழக்கமான பயன்பாட்டுல இருக்கணும்னு சட்டத்துல இருக்கு சான். நான்தான் எழுதினேன். அப்ப எனக்குத் தெரியல."

"சட்டத்த மாத்துங்க தம்பி."

"மன்றம் மார்ச்லதான் கூடும்."

குசுமி தும்மினார். நாலு நாளாகத் தும்மிக்கொண்டிருந்தார். யாசுயோ அவர் தோளில் இன்னொரு போர்வையைப் போட்டுவிட்டு, "நடுப்புள்ளி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா" என்றாள். சொல்லிவிட்டு அவள் முகம் வாடியதை அவர் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிவைத்த பத்து முள்ளங்கிகள் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஹொசோகாய் மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தைக் குசுமி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பனி தள்ளுகிறவருக்கு அந்த ஊரின் ஒவ்வொரு வளைவும் உள்ளங்கை ரேகை மாதிரி. கைப்பிடியின் நுனியில், குமாகோஷி கணவாயில், கோடு திடீரென்று புள்ளிகளாகி, ஒரு வெள்ளைத் திட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இது என்ன வெள்ளையா?"

"அங்க எல்லை முடிவாகல சான். மலைக்கு அந்தப் பக்கம் முராகிதா நகரம். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. யாருதுன்னு தெரியாததால நான் கணக்குல சேக்கல."

"ரெண்டு பேரும் எனக்கு எனக்குங்கறாங்களா?"

"இல்ல சான். ரெண்டு பேரும் உனக்கு உனக்குங்கறாங்க. எழுபது வருஷமா கடிதம் போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த இடத்து ரோட்ல யார் பனி தள்றாங்களோ அவங்களுக்குத்தான் நிலம்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. அதனால யாரும் தள்றதில்ல."

குசுமிக்கு அந்த இடம் தெரியும். ஒரு பெரிய தேவதாரு மரம்வரை தள்ளிவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஏன் என்று அவர் கேட்டதில்லை.

"அதைச் சேத்தா நடுப்புள்ளி எங்க போகும்?"

ஹொசோகாய் கணினியைத் திறந்தார். விரல்கள் ஓடின. அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு அது பாதியில் நின்றது.

"எண்பத்து நாலு மீட்டர். மலைப்பக்கமா."

"அங்க என்ன?"

"இந்தத் தெரு முனை. தொகாஷி சானோட பொதுக்குளியல் கூடம்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பனி ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் நீலமாக இருந்தது. குசுமி தேவதாரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். முன்னே சாலை இருந்த அடையாளமே இல்லை. இரண்டு மீட்டர் உயரத்துக்கு வெள்ளைச் சுவர். இருபத்தாறு வருடமாக இங்கே திருப்பிய வண்டி. கை தானாகவே திருப்பத்துக்குப் போயிற்று. அதை இழுத்து நிறுத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு, அலகை இறக்கி நேராக விட்டார்.

ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ள ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிச் சுவர் பொலபொலவென்று சரிந்தபோது, மறுபக்கத்தில் இன்னொரு மஞ்சள் வண்டி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார். பனிச்சுவருக்குள்ளிருந்து ஒரு வண்டி வெளியே வருவதைக் கண்டு வாயில் வைத்தது வாயிலேயே நின்றது.

"எங்கேருந்துயா வர்றே?" என்றார் ஒருவழியாக.

"ஷியோகுரா."

"ஷியோகுரா இந்தப் பக்கம் இருக்கா?"

அவர் பெயர் நிராசாவா. முராகிதா நகரத்துக்காக இருபத்திரண்டு வருடமாக இங்கேவரை தள்ளிவிட்டுத் திரும்புகிறவர். குசுமி இறங்கி நின்று, நடந்தது முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தொட்டி, தட்டு, படகு, மண்ணெண்ணெய், பனிமேல் உட்கார்ந்தது. நிராசாவா ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் குளியல் பறிபோன மனிதனைப் பார்த்துச் சிரிக்கிற ஓட்டுநர் கிடையாது.

"இப்ப உனக்கு இந்த நிலம் வேணும்."

"எனக்கு வேணாம். ஊருக்கு வேணும். ஊருக்கும் வேணாம். ஆனா சேந்தாகணும்."

"எடுத்துக்கோயா, புண்ணியமாப் போவும். எங்க மேலதிகாரி வருஷா வருஷம் என்னக் கூப்பிட்டு, நிராசாவா, அலகு நுனிகூட அந்தப் பக்கம் போயிடக் கூடாது, போச்சுன்னா ரெண்டு கரடியும் ஒரு பாலமும் நம்ம தலையில விழும்பார். பாலத்துல மூணு பலகை இல்ல, பாத்துக்கோ."

"எழுதிக் குடுப்பீங்களா? நான் தள்ளினேன்னு?"

நிராசாவா வண்டியின் வேலைக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினார்: ஷியோகுரா நகரத்து வண்டி இந்தச் சாலையை முழுவதும் தள்ளியதைக் கண்ணால் கண்டேன், மிகச் சுத்தமாகத் தள்ளியிருந்தது. பெயர் முத்திரை கையில் இல்லாததால் கட்டைவிரலைச் சோயாக் குழம்பில் தோய்த்து வைத்தார். பிறகு இன்னொரு சோற்றுருண்டையை எடுத்து நீட்டினார். உள்ளே ஊறிய பிளம் பழம். இருவரும் வண்டிப் படிகளில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள்.

முராகிதா நகராட்சி அந்தக் கைரேகையை மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டது. எழுபது வருடக் கடிதப் போக்குவரத்தில் இத்தனை வேகமாக எந்தப் பதிலும் வந்ததில்லை என்றார் ஹொசோகாய். வாழ்த்து மடலோடு கரடிகளின் படங்களையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

ஹொசோகாய் கம்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். குளியல் கூடத்தின் சொந்தக்காரி தொகாஷி, அறுபது வயது, இரண்டு கதவுகளுக்கும் நடுவே உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து முப்பது வருடமாக ஊரின் ஆண்களை ஒரு கண்ணாலும் பெண்களை மறுகண்ணாலும் பார்த்துவருகிறவள். ஆண்கள் பக்கத்தில் கருவி பீப் பீப் என்று இழுத்து இழுத்துத்தான் கூவியது. நடுச்சுவரை நெருங்க நெருங்க அவசரப்பட்டது. சுவரில் முட்டி நின்றது.

"அந்தப் பக்கம் போகணும்" என்றார் ஹொசோகாய்.

"அந்தப் பக்கம் பொம்பளைங்க."

"அரசு வேலை சான்."

"தம்பி, உங்க அம்மா உள்ள குளிச்சிட்டு இருக்காங்க."

ஹொசோகாயின் காது சிவந்தது. கடைசியில் கம்பு மட்டும் உள்ளே போயிற்று. கூட வந்திருந்த யாசுயோ அதை எடுத்துக்கொண்டு போய், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஹொசோகாய் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். பெரிய தொட்டியின் வடக்கு மூலையில் அது ஊளையிட்டது. உள்ளேயிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

வெப்பக் கருவியை மாட்ட ஆண் ஊழியரை அனுப்ப முடியாது. இடம் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் கருவியில் படமெடுக்கும் கண் ஒன்று இருப்பதால் பெண்கள் பக்கம் வைக்கவே கூடாது என்று தொகாஷி சொல்லிவிட்டாள். சட்டத்தைப் புரட்டினார் ஹொசோகாய். நடுப்புள்ளியில் அளக்க இயலாத நிலையில் அந்த மாதத் தொடக்கம் முதலே துறைமுகத்து அளவு செல்லும் என்று கடைசி வரியில் இருந்தது. அதையும் தான்தான் எழுதியதாக அவர் முதல்முறையாகக் கொஞ்சம் பெருமையோடு சொன்னார். டிசம்பர் முழுக்கத் திருத்தப்பட்டது. சராசரி மைனஸ் ஒன்று. புது வருடத்துக்கு முந்தின நாள் ஒகுசாவாவுக்கு மண்ணெண்ணெய் வண்டி போயிற்று. அதற்கு முன்னால் வழி தள்ளிக்கொண்டு போனது குசுமிதான். கிழவர்கள் வாசலில் நின்று வண்டிக்குக் கும்பிட்டார்கள். மண்ணெண்ணெய் வண்டிக்கா, இவர் வண்டிக்கா என்று தெரியவில்லை. குசுமி இரண்டுமுறை ஒலியெழுப்பிவிட்டு வந்தார்.

ஜனவரி நடுவில் திறப்பு விழா. மேயர் வால் தொங்கும் கறுப்புக் கோட்டோடு வந்தார். ஆனால் எங்கே நிற்பது. ஆண்கள் பக்கத்தில், வெறுங்காலோடு, ஆவிக்குள் நின்று, மேலே திறந்திருக்கும் நடுச்சுவரைப் பார்த்து உரையைப் படித்தார். கண்ணாடியில் ஆவி மூடி எழுத்து தெரியாமல் போகிற இடங்களில் ஹொசோகாய் காதோடு சொல்லிக் கொடுத்தார்.

"இந்த நன்னாளில், மூன்று ஊர்களின் இதயமும் ஒன்றாகத் துடிக்கும் இந்த இடத்தில்..."

"இடம் இந்தப் பக்கம்" என்றது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"...இந்த இடத்துக்கு அருகில்" என்று மேயர் திருத்திக்கொண்டார்.

இவாபுனே பொம்மைப் படகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பழைய வரைபடத்தில் தான் எண்பத்து நாலு மீட்டர் தவறிவிட்டதாகவும், படகு தட்டியது இங்கேதான் என்றும் நேற்றே கண்டுபிடித்திருந்தார். தான் போய் ஊத முடியாது என்பதால் படகைச் சுவருக்கு மேலே நீட்டினார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. பிறகு தண்ணீர் வாரியடிக்கும் சத்தம், சிரிப்பு, "முழுகிடுச்சு" என்ற செய்தி. இவாபுனே கண்களை மூடிக்கொண்டார். வரலாற்றில் முழுகவில்லையே என்று முணுமுணுத்தார்.

அந்தப் பக்கம் நாடா வெட்டியது யாசுயோ. மூன்று ஊர்ப் பெண்களும் ஒரே தொட்டியில் இறங்கி உட்கார்ந்திருந்ததாகவும், மலைக்காரிகளும் துறைமுகத்துக்காரிகளும் யார் ஊரில் பனி அதிகம் என்று சண்டை போட்டு, பாதியில் ஒருத்திக்கொருத்தி முதுகு தேய்த்துவிட்டதாகவும் அவள் பிற்பாடு சொன்னாள். முத்திரை மேசை இனித் தொகாஷியின் கூடத்தில். யாசுயோவுக்கு வாரம் மூன்று நாள் அங்கே வேலை. ஊறுகாய்ச் சாடிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு போனாள். சமயத்தில் மாலை ஏழு மணிவரை வரமாட்டாள். வந்தால் அன்று யார் யார் வந்தார்கள், எந்த ஊர், மருமகள் எப்படி என்று படுக்கும்வரை பேச்சு. குசுமி கேட்டுக்கொண்டிருப்பார். இருபது வருடத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

பித்தளைத் தட்டைப் பெயர்த்தபோது தொட்டியின் அடியில் விரல் நுழையும் ஓட்டை விழுந்துவிட்டது. நகராட்சி புதுத் தொட்டி வைத்துக்கொடுத்தது. பழையதைவிடப் பத்து சென்டிமீட்டர் நீளம். நாலரைக்கு இறங்கினால் ஐந்தரைவரை யாரும் கதவைத் தட்டுவதில்லை. முதல் வாரம் குசுமி அதில் சொர்க்கத்தில் இருப்பதுபோல் கிடந்தார். இரண்டாவது வாரம் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு பெரிய பனிக்குப் பிறகு, மேற்குக் காற்று அடங்கிய ஒரு நண்பகலில், கணவாய்ச் சாலையைக் கடைசிவரை தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தினார். இப்போது அது அவர் சாலை. எதிரே நிராசாவா காத்திருந்தார்.

"பொண்டாட்டி நச்சரிக்கிறா. உங்க நடுப்புள்ளியப் பாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரவா?"

"வாங்க. ஆனா அவங்க மட்டும்தான் பாக்கலாம். பொம்பளைங்க பக்கம்."

நிராசாவா யோசித்தார். "அவ உள்ள போனா ரெண்டு மணி நேரம் ஆவும். நான் ரோட்ல நின்னு என்ன பண்றது?"

குசுமி கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். இப்படி ஒன்றை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

"எங்க வீட்டுக்கு வாங்களேன்" என்றார். "தண்ணி சூடாத்தான் இருக்கும். நீங்க முதல்ல குளிங்க. நான் வெளிய உக்காந்து பேசிட்டிருக்கேன்."

"எத்தன மணிக்கு?"

"நாலரை" என்றார் குசுமி.